அந்தக் கட்டடத்துக்குள்ள எங்கட மணல் இருக்கு

போன வெள்ளிக்கிழமை நாங்கள் கட்டி முடிச்ச புதுக் கட்டடத்தின்ர திறப்புக் கோர்வையை யாழ்ப்பாணம் மெடிக்கல் பக்கல்ரி ஆக்களிட்டக் குடுத்து, கொப்பியில சைன் வாங்கிக்கொண்டு, யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில கிளிநொச்சி பஸ் ஏறினனான். ஆனையிறவு வரமுந்தி வழமையா நித்திரையாப் போயிடுவன், அண்டைக்கு வரேல்ல. மூண்டரை வருசம் ஒரு கட்டடத்தோட கிடந்திட்டு அதை இன்னொருத்தர் கையில குடுத்திட்டு வாறது பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுத்திட்டு வாற மாதிரித்தான் எண்டு எங்கட பெரிய மேசன் ஐயா ஒவ்வொரு சைற்றிலயும் சொல்லுவார், அவர் எத்தினை கட்டடம் குடுத்தவர், எனக்கு அது அண்டைக்குத்தான் விளங்கினது.

திறப்பு விழா எப்பிடியும் பெரிசா நடக்கும். மேடையில சொல்ல வேண்டிய பேரெல்லாம் சொல்லுவினம், சொல்லத்தான் வேணும், காசு ஒதுக்காமல் ஒரு கல்லும் எழும்பாது, பைலைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைஞ்ச ஆக்களை எனக்குத் தெரியும். ஆனா நான் சைற் சூப்பவைசரா நிண்டு கண்ட ஆக்கள் வேற கொஞ்சப் பேர் இருக்கினம். அவைக்கு நான் நன்றி சொல்லாமல் விட்டா எனக்கு நித்திரை வராது. அதுக்கு முதல் ஏன் எனக்கு இந்தக் கட்டடம் இவ்வளவு முக்கியம் எண்டதைச் சொல்ல வேணும், அது என்ர அப்பாவில இருந்து தொடங்குது.

2017 மாசி மாதம், பெரும்போக வெட்டு. இப்ப எல்லா வயலுக்கும் வெட்டு மிசின் வந்திட்டுது, ஆனா வரம்போரமும் மூலையும் மிசினுக்கு எட்டாது, அதைக் கையாலதான் வெட்ட வேணும். அப்பா வெறுங்காலோட நிண்டு மூலை வெட்டிக்கொண்டு இருக்கேக்க வலது கணுக்காலில கடிச்சுப் போட்டுது. புடையன், கண்ணாடி விரியன் எண்டும் சொல்லுறது, வைக்கோல் நிறத்தில வைக்கோலுக்குள்ளயே கிடக்கும். பக்கத்து வயல் அண்ணை சாறத்தைக் கிழிச்சு முழங்காலுக்குக் கீழ இறுக்கிக் கட்டி, மோட்டச்சைக்கிளில ரெண்டு பேருக்கு நடுவில இருத்தி, நேர கிளிநொச்சி பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தினவர். மந்திரிக்கிற இடத்துக்கு முதல் கொண்டு போவம் எண்டு ஒருத்தர் சொல்ல, வேண்டாமெண்டு ஒத்தக் காலில நிண்டதும் அதே அண்ணைதான். நான் போய்ச் சேரேக்க அப்பான்ர கண் இமை ரெண்டும் கீழ தொங்கிப்போய் இருந்தது, நித்திரை தூங்குற ஆள் மாதிரி. கூப்பிட்டா விளங்குது, இமையைத் தூக்க ஏலாமல் கிடக்கிறார். முரசால ரத்தம் கசியுது.

அங்க ஒரு டொக்டர் பெடியன். என்னை விட வயசு குறைவு. அந்தத் துணிக்கட்டைப் பார்த்தார், ஒருத்தரையும் ஏசேல்ல, மருந்தெல்லாம் ஆயத்தமாப் பக்கத்தில வைச்சிட்டு மெல்லமா அவிட்டவர். பிறகு கையில ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள்ள விட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில நிமித்தி வைச்சு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “இதை ஒருத்தரும் தொடக் கூடாது, 20 நிமிஷம்” எண்டார். அவ்வளவுதான். நான் பயத்தில, ஏன் டொக்டர் மருந்து ஏத்தாமல் பாத்துக்கொண்டு நிக்கிறியள் எண்டு கொஞ்சம் சத்தமாக் கேட்டிட்டன். அவர் கோவிக்கேல்ல. அப்பான்ர நாடியில கை வைச்சபடி சொன்னார்: புடையன்ர விஷம் ரத்தத்தை உறைய விடாது அண்ணை, 20 நிமிஷத்தில குழாயைச் சரிச்சா ரத்தம் உறைஞ்சிருக்க வேணும், தண்ணியாவே ஓடினா விஷம் உள்ளுக்கு வேலை செய்யுது, அப்ப விஷமுறிவு மருந்து கட்டாயம் ஏத்த வேணும், அந்த மருந்தும் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது, அதால தெரிஞ்சுகொண்டுதான் ஏத்த வேணும். குழாய் கண்ணாடியா இருக்க வேணுமாம், பிளாஸ்ரிக்கெண்டா நல்ல ரத்தமும் உறையாமல் கிடந்து பிழையாக் காட்டுமாம். சோப் போட்டுக் கழுவின குழாயும் கூடாதாம்.

20 நிமிஷம் முடிய முதலே அப்பான்ர கண்ணைப் பார்த்து மருந்துக்குச் சொல்லி ஆயத்தப்படுத்தியாச்சு எண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். குழாயை எடுத்து ஒரே ஒருக்கா மெதுவாச் சரிச்சார். தண்ணி மாதிரி ஓடிச்சுது. அந்த நிறமும் அந்த ஓட்டமும் இப்பவும் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. விடிய விடிய மருந்து, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பவும் குழாய். ரெண்டாம் நாள் சரிக்கேக்க ஓடேல்ல, கட்டியா ஒட்டிக்கொண்டு நிண்டது. அந்த டொக்டர் பெடியன் குழாயை என்னட்ட நீட்டி “பாருங்கோ அண்ணை” எண்டார். சிரிச்சவர்.

வீட்ட வரேக்க நான் கேட்டனான், தம்பி நீங்கள் எங்க படிச்சனீங்கள் எண்டு. யாழ்ப்பாணம் மெடிக்கல் பக்கல்ரி எண்டார். நாலு வருசம் கழிச்சு அதே பக்கல்ரிக்கு ஒரு கட்டட வேலை இருக்கு, சூப்பவைசர் ஆள் தேவை எண்டு போன் வர, சம்பளம் எவ்வளவு எண்டு கேக்க முதல் நான் வாறன் எண்டு சொல்லிட்டன்.

இந்தப் பீடம் எப்பிடி வந்தது எண்டு வன்னியில எங்கட வயசுப் பெடியளுக்குக் கனக்கத் தெரியாது, நானும் சைற்றுக்குப் போன பிறகு அங்கத்த பழைய ஆக்களிட்டக் கேட்டுத்தான் அறிஞ்சனான். கொழும்பில மருத்துவக் கல்லூரி 1870 இல, பேராதனையில 1962 இல, யாழ்ப்பாணத்துக்கு 1978 இலதான் வந்தது. ஆனா அதுக்கு நூறு வருசத்துக்கு மேல முந்தியே, 1847 இல அமெரிக்காவில இருந்து வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில இருந்துகொண்டு எங்கட பெடியளுக்குத் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சிருக்கிறார், உடற்கூற்றியல் புத்தகங்களைத் தமிழாக்கியிருக்கிறார். வெளியில இருந்து வந்த மனுசன் இந்தச் சனத்தின்ர பாஷையைப் படிச்சு அந்தப் பாஷையில எலும்புக்கும் நரம்புக்கும் பேர் தேடியிருக்கிறார் எண்டு கேட்ட அண்டைக்கு நான் சைற் ஒபிஸில கனநேரம் சும்மா இருந்தனான்.

பிறகு நடந்ததெல்லாம் லேசான கதையில்லை. 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள இந்திய ராணுவம் புகுந்து டொக்டர்மார், நேர்ஸ்மார், நோயாளியள் எண்டு 60 பேருக்கு மேல கொல்லுப்பட்டவை. 1989 செப்ரெம்பர் 21, உடற்கூற்றியல் துறைத் தலைவியா இருந்த ராஜினி திராணகம சைக்கிளில வீட்ட போகேக்க சுட்டுக் கொல்லப்பட்டவ, 35 வயசு. 1995 இல முழு வலிகாமமும் இடம்பெயர்ந்தது. இவ்வளவுக்குள்ளயும் அந்தப் பீடம் மூடுப்பட்டுப் போகாமல் திரும்பத் திரும்ப வகுப்பு வைச்சு, சோதினை வைச்சு, டொக்டர்மாரை வெளியில அனுப்பினதே, அதுக்கு நான் ஆருக்கு நன்றி சொல்ல? சோக்கட்டியோட நிண்ட ஒவ்வொருத்தருக்கும்தான்.

2009 ஐப் பற்றி நான் எழுதுறதில்லை. ஒண்டை மட்டும் சொல்லுறன். மாசி தொடக்கத்தில புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு ஷெல் விழ, ஆஸ்பத்திரி புதுமாத்தளன் பள்ளிக்கூடத்துக்கு வந்தது, நாங்களும் அதுக்குப் பக்கத்திலதான் தறப்பாள் கட்டியிருந்தனாங்கள். சேலைன் போத்தலை மரக்கொப்பில கட்டித் தொங்க விட்டிருப்பினம். சத்தியமூர்த்தி டொக்டர் மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய கொஞ்சப் பேர்தான் அவ்வளவு சனத்துக்கும். அவர் பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே பணிப்பாளரா வந்தவர். டொக்டர் எண்டா என்ன எண்டு எனக்கு அந்த மரத்துக்குக் கீழதான் தெரிஞ்சது.

சரி, கட்டடத்துக்கு வாறன்.

முதல் நன்றி ஒரு லெக்சரர் அம்மாவுக்கு. பேர் போட்டா அவ விரும்பமாட்டா. பிளான் எல்லாம் பாஸ் பண்ணி, அத்திவாரமும் போட்ட பிறகும் கிழமைக்கு ஒருக்கா சைற்றுக்கு வருவா, ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு, கையில ஒரு அளவு நாடா. மற்ற ஆக்கள் வந்தா எப்ப முடியும் எண்டு கேப்பினம். இவ கேக்கிறது வேற. “தம்பி, ஸ்ரெச்சரோட ரெண்டு பேர் திரும்பினா இந்தக் கதவில முட்டுமோ?” பலகையை வெட்டி ஸ்ரெச்சர் அளவில ஒண்டு செய்து நானும் ஒரு கம்பிகட்டுற பெடியனும் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தம், முட்டிச்சுது. கதவு அகலமாச்சு. லிப்ற்றும் அப்பிடித்தான், நீட்டி நிமிந்து படுத்த ஆள் போற ஆழம் இருக்க வேணும், ஆக்கள் நிண்டு போற லிப்ற் இதுக்குச் சரிவராது.

உடல் வெட்டிப் படிக்கிற ஹோல்தான் அவ கூடக் கரைச்சல் பட்ட இடம். உடம்பு பழுதாகாமல் வைக்கப் பாவிக்கிற போமலின் மருந்தில இருந்து வாற காத்து சாதாரணக் காத்தை விடக் கொஞ்சம் பாரம், மேல போகாது, மேசை உயரத்திலயும் கீழயும்தான் நிக்கும், மேசைக்கு மேல குனிஞ்சு நிக்கிற பிள்ளையளின்ர கண்ணுக்கும் மூக்குக்கும் நேர வரும். அதால காத்தை இழுக்கிற வாயை உயரத்தில வைச்சா எல்லாம் முகத்தைத் தாண்டித்தான் மேல போகும், கீழ வை எண்டு நிண்டா. அதுக்குச் சுவருக்குள்ளால குழாய் இறக்க வேணும், கட்டின சுவரில பாதியைத் திரும்பக் கொத்த வேணும். மேசன்மாருக்கு முகம் கறுத்துப் போச்சு. அவ எல்லாரையும் கூப்பிட்டு நிலத்தில ஒரு பெட்டிக்கு மேல குந்தி இருந்து சொன்னா, நான் படிக்கேக்க கண் எரிஞ்சு தண்ணி ஓட ஓடத்தான் படிச்சனான் ஐயா, நரம்பு எது நாளம் எது எண்டு தெரியாது, இந்தப் பிள்ளையள் அப்பிடிப் படிக்க வேண்டாம் எண்டு. பெரிய மேசன் ஐயா ஒண்டும் கதைக்கேல்ல, உளியை எடுத்தவர். கொத்தி முடிய நாலு நாள்.

அந்த ஹோல் நிலத்தைப் போய்ப் பாருங்கோ. பார்க்கிற ஆளுக்கு மட்டமாத்தான் தெரியும். ஒரு வாளி தண்ணியை எந்த மூலையில ஊத்தினாலும் ஒரு சொட்டுத் தங்காமல் நடுவில இருக்கிற காணுக்கு ஓடும். சுவரும் நிலமும் சேருற இடத்தில மூலையே இல்லை, வளைச்சு எடுத்திருக்கிறம், அழுக்கு நிக்கக் கூடாது எண்டு. அந்த வளைவை ஐயா கரண்டியால இழுக்கேல்ல, ஒரு போத்தலின்ர பக்கத்தால இழுத்தவர், இருபது முப்பது மீற்றர், முழங்காலில நிண்டபடி, கை ஒருக்காலும் நடுங்கேல்ல, அவருக்கு 64 வயசு, தர்மபுரம் பக்கம். பாம்புக்கடி, ஷெல் எண்டு எல்லாத்துக்கும் தப்பின கால் அது.

பிறகு கழிவுத் தண்ணி. யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக் கல், வெடிப்பும் பொந்துமா இருக்கும், மேல ஊத்துறது கீழ வடிபடாமல் நேர கிணத்துக்குப் போகும், குடாநாட்டில கனக்கச் சனம் நிலத்தடித் தண்ணியைத்தான் குடிக்குது. ஆய்வுகூடத் தண்ணியை ஊறு குழிக்கு விடேலாது, தனித் தாங்கி கட்டி மூடி வைச்சு பவுசரால ஏத்த வேணும் எண்டு ஒரு இஞ்சினியர் தம்பி பிடிச்ச பிடியில நிண்டவர். செலவு கூட, மேலிடத்தில கனக்கப் பேச்சு வாங்கினவர். சுத்துவட்டாரக் கிணத்துக்காரருக்கு அவர் ஆரெண்டே தெரியாது. அவருக்கும் நன்றி.

இப்ப மணலுக்கு வாறன். குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை, கருங்கல்லும் இல்லை. யாழ்ப்பாணத்தில எழும்புற பெரிய கொங்கிறீற் கட்டடங்களுக்கு மணலும் கல்லும் கூடுதலா கடல்நீரேரிக்கு இங்கால வன்னிப் பக்கம் இருந்துதான் போகுது. எங்கட சைற்றுக்கும் அப்பிடித்தான். லோட் இறக்கேக்க மணலைக் கையில அள்ளிப் பிடிச்சுப் பாப்பன், களி இருக்கோ எண்டு. சில நேரம் உள்ளுக்குள்ள மருத மரச் சருகு வரும், எங்கட ஆத்தங்கரைச் சருகு, அண்டைக்கு முழுக்க எனக்கு ஊர் ஞாபகம்தான். ஆனா இதையும் சொல்லத்தான் வேணும், மணல் அள்ளி அள்ளி எங்கட ஆத்துக்கரையள் இடிஞ்சு போச்சு, கிணத்துத் தண்ணி இறங்கிட்டுது, கள்ளமா ராவில அள்ளுற ரிப்பரால சனத்துக்கு நிம்மதி இல்லை. பேமிற் இல்லாத ஒரு லோட்டும் இறக்க விடமாட்டன் எண்டு நான் நிண்டதால ரெண்டு தரம் வேலை நிண்டது. ஒரு ஊர் தன்ர ஆத்தைக் குடுத்துத்தான் இன்னொரு ஊரில பிள்ளையள் டொக்டருக்குப் படிக்கினம். அந்த ஊர்ச் சனத்துக்கு நான் நன்றி மட்டும் சொல்லிப் போட்டு எழும்பேலாது, ஆத்தைக் காப்பாத்துற கடன் எங்களுக்கு இருக்கு.

2022 ஐ எப்பிடித் தாண்டினம் எண்டு இப்பவும் தெரியேல்ல. 1000 ரூபா சொச்சத்துக்கு எடுத்த சீமெந்துப் பை 3000 ஐத் தொட்டுது, கம்பி கேக்கவே வேண்டாம், டீசல் இல்லை, மிக்சர் ஓடாது, பஸ் இல்லை. வேலை கிட்டத்தட்ட நிண்டே போச்சு. பாதியில நிக்கிற கட்டடத்தில கம்பி வெளியால நீட்டிக்கொண்டு நிக்கும், மழை பட்டா துருப்பிடிக்கும். கொஞ்ச மாசம் சம்பளமும் ஒழுங்கா வரேல்ல, வேலையை எடுத்தவையின்ர பக்கத்திலயும் காசு வரேல்ல எண்டுதான் சொன்னவை. அப்பவும் நாலு பேர் போகேல்ல. ரெண்டு பேர் ஹற்றன் பக்கத்து அண்ணன் தம்பி, கம்பி கட்டுறவை, ஒருத்தர் பொலன்னறுவையில இருந்து வந்த சிங்களப் பலகைக்காரர், மற்றது எங்கட ஐயா. கம்பி நுனியெல்லாத்துக்கும் சீமெந்துப் பால் பூசி, உரப்பையால சுத்திக் கட்டி வைச்சவை. அது ஆரும் சொல்லிச் செய்த வேலையில்லை. பொலன்னறுவைக்காரர் அரைகுறைத் தமிழில சொல்லுவார், என்ர மகளும் ஏஎல் பயோ படிக்கிறா மாத்தையா, இந்தக் கம்பி பழுதாப் போகக் கூடாது எண்டு.

அவைக்குச் சமைச்சுப் போட்ட அக்கா ஒராள். பரந்தனில இருந்து வந்து ஒழுங்கையில ஒரு சின்னக் கொட்டில் போட்டு இருந்தவ. காஸ் இல்லாத நேரம் எங்கட பலகைத் துண்டுகளை விறகாக்கி, மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், சிலநேரம் பருப்பும் சோறும், காசு கொப்பியில எழுதி வைச்சா. அந்தக் கொப்பியில அரைவாசிக்கு மேல பிறகு அவவே வெட்டி விட்டவ, எனக்குத் தெரியும். மேல்மாடி சிலாப் போட்ட ராவு, விடியக்காலம் நாலு மணிமட்டும் கொங்கிறீற் போனது, நிப்பாட்டினா பழசும் புதுசும் ஒட்டாமல் இணைப்பு விழும், அதால நிப்பாட்டேலாது, அந்தப் பனிக்குள்ள அவ இஞ்சி போட்ட பிளேன்ரீ வாளியைத் தூக்கிக்கொண்டு ஏணிப்படியால மேல ஏறி வந்தவ. வேண்டாம் அக்கா விழுந்திடுவியள் எண்டு கத்தினன். “இவ்வளவு பேரும் நிக்கிறியள், எனக்கென்ன” எண்டா.

இன்னும் ஒருத்தர். எங்கட ஊரில ரிட்டயர் பண்ணின ஒரு மாஸ்ரர், என்னைச் சயன்ஸ் படிப்பிச்சவர். போன வருசம் மோசம் போனவர். தன்ர உடம்பை மெடிக்கல் பக்கல்ரிக்குக் குடுக்கச் சொல்லி எழுதி வைச்சிட்டார். வீட்டில அழுகை, சண்டை, கொள்ளி வைக்காமல் விடுறதோ எண்டு சொந்தக்காரர் ஒருத்தர் போர்க்கொடி. அவற்ர மனிசி மட்டும் அழாமல் நிண்டு, “அவர் சாகும்வரை படிப்பிச்சவர், இன்னும் கொஞ்சம் படிப்பிக்கட்டும்” எண்டு சொல்லி அனுப்பினவ. வாகனம் ஏத்தேக்க பழைய மாணவர் எல்லாம் றோட்டில வரிசையா நிண்டவை. கட்டடம் எவ்வளவு வடிவாக் கட்டினாலும் இப்பிடி ஆக்கள் இல்லாட்டி அந்த ஹோலில மேசை மட்டும்தான் இருக்கும். நான் அந்த நிலத்தை லெவல் பார்க்கேக்கயெல்லாம் மாஸ்ரர் ஞாபகம்தான் வந்தது, அவருக்குக் கரும்பலகையில கோடு கொஞ்சம் சரிஞ்சாலும் பிடிக்காது.

திறப்புக் குடுக்கிறதுக்கு முதல் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினனான். புதுச் சாறம், வெள்ளைச் சேட். வாசலில செருப்பைக் கழட்டிப் போட்டார், தேவையில்லை அப்பா எண்டு சொல்லியும் கேக்கேல்ல. ஒவ்வொரு அறையா நடந்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், யன்னலைத் திறந்து பூட்டிப் பார்த்தார். வலது கால் இன்னும் கொஞ்சம் வீங்கும் அவருக்கு, கனக்க நடந்தா. ஒரு வகுப்பறையில கதிரை ஒண்டில இருத்தினன். கனநேரம் பேசாமல் இருந்திட்டுக் கேட்டார்.

“இதுக்குள்ள பாம்புக்கடியும் படிப்பிப்பினமோ?”

“ஓம் அப்பா.”

“அந்தக் கண்ணாடிக் குழாய் விசயம்?”

“அதுவும்தான்.”

தலையாட்டினார். பிறகு எழும்பி, தான் இருந்த கதிரையைத் தூக்கி மற்றக் கதிரையளோட வரிசைக்குச் சரியா வைச்சிட்டு, வாசலுக்கு நடந்தார்.